நான்காம் எண் இல்லாத பெட்டி

எங்கள் ஆய்வகத்தில் சகுனம் பார்க்காத ஒரே ஆள் நான்தான் என்று பத்தொன்பது வருடமாகப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நான் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தேன் என்பது தெரியாது.

எங்கள் தைச்சுங் நகரத்தில் எந்த ஆய்வகத்துக்குள் நுழைந்தாலும் ஒவ்வொரு மெஷின் தலையிலும் பச்சை நிறத்தில் ஒரு சோளப்பொரி பாக்கெட் உட்கார்ந்திருக்கும். அது இருந்தால் மெஷின் மக்கர் பண்ணாதாம். பச்சைதான் வேண்டும், மஞ்சள் ஆகாது. தேதி முடிந்த பாக்கெட்டை வைத்தால் மெஷினுக்குக் கோபம் வந்துவிடும். அறுபது கட்டுரை எழுதிய எங்கள் பேராசிரியர் ஜியென்கூட, மைக்ரோஸ்கோப் மேல் இருக்கும் பாக்கெட்டின் தேதியை மாதாமாதம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்ப்பார். நான் அதே பாக்கெட்டை எல்லார் கண் முன்னாலும் பிரித்துத் தின்பேன். "பசிச்சா மெஷினே வந்து கேக்கட்டும்" என்பேன். மாணவர்கள் பதறுவார்கள். எனக்கு அதில் ஒரு குஷி.

என் பெயர் யாவ் பெய்ஜுன். பறவை வைரஸ் ஆய்வகத்தில் உதவியாளர். மாணவர்கள் வருவார்கள், பட்டம் வாங்குவார்கள், போய்விடுவார்கள். முட்டைக் கருவிலிருந்து செல் வளர்ப்பது, மரபணுத் துண்டுகளைத் தயார் செய்வது, ஃப்ரீசரைக் கட்டிக் காப்பது எல்லாம் நான். பேராசிரியர் விருந்தாளிகளிடம் என்னைக் காட்டி, "பெய்ஜுன் கை பட்டதை ரெண்டாவது தடவை சரிபாக்க வேண்டியதில்ல" என்பார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன். உள்ளே நெஞ்சு நிமிர்ந்திருக்கும்.

ஜுவோ மிங்யூ நான்கு வருடத்துக்கு முன்னால் முனைவர் பட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். யுன்லின் பக்கம், கடலோரத்தில் வாத்துப் பண்ணைக் குடும்பம். முதல் கூட்டத்திலேயே ஏன் இந்த வைரஸைப் படிக்க வந்தாள் என்று எழுந்து நின்று சொன்னாள்.

"எங்க பண்ணையில முதல்ல ரெண்டாவது கொட்டகையில நொண்ட ஆரம்பிச்சுது. அப்புறம் மூணு. அடுத்த வாரமே அஞ்சாவது கொட்டகையில பாதி போயிடுச்சு. அறுத்துப் பாத்தா ஈரல் பூரா வெள்ளை வெள்ளையா புள்ளி."

"இரு இரு" என்றேன் நான். "நாலாவது கொட்டகை வாத்துக்கு மட்டும் யாரு ஊசி போட்டா?"

"நாலாவது கொட்டகை கிடையாதுக்கா. அப்பா அந்த நம்பர் வைக்க மாட்டாரு. நாலுன்னு சொன்னா சாவுன்னு சொல்ற மாதிரியே கேக்குமே, ஆகாதுன்னு."

"மூணுக்கு அப்புறம் அஞ்சா? உங்க வீட்டு வாத்துக்கு எண்ணத் தெரியாதது நல்லதாப் போச்சு. தெரிஞ்சிருந்தா சிரிச்சே செத்திருக்கும்."

அறை முழுக்கச் சிரித்தது. ஆ-ஹோங் என்ற சக மாணவன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். மிங்யூவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அவள் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். செத்துப்போன வாத்துகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த பெண்ணிடம் அப்படிச் சொன்னோமே என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அடுத்த இரண்டு மாதம் அதே நகைச்சுவையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் எடுத்துக்கொண்ட கேள்வி அழகானது. அந்த வைரஸ் செல்லுக்குள் நுழைந்ததும் கண்ட இடத்தில் பெருகிவிடாது. முதலில் தனக்கென்று ஒரு பட்டறை கட்டிக்கொள்ளும். மைக்ரோஸ்கோப்பில் அது உருண்டையாகத் தெரியும். முதல் சில மணி நேரத்தில் கடுகு கடுகாக இருக்கும். பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். வைரஸின் புரதங்களில் ஒன்று மட்டும் முதலில் வந்து, தன்னோடு தானே ஒட்டிக்கொண்டு இந்த உருண்டையை உண்டாக்குகிறது. மற்ற புரதங்களை அதுவே இழுத்து உள்ளே சேர்த்துக்கொள்கிறது. புது வைரஸ் உருவாவது அதற்குள்தான். வேடிக்கை என்னவென்றால், வைரஸே இல்லாத நல்ல செல்லுக்குள் அந்த ஒரு புரதத்தின் மரபணுவை மட்டும் போட்டாலும் உருண்டை வந்துவிடும். நோய் இல்லாமலே நோயின் அடையாளம் வந்து உட்கார்ந்திருக்கும்.

அந்தப் புரதத்தின் எந்தப் பகுதி ஒட்டவைக்கிறது, தலையா வாலா? இதுதான் மிங்யூவின் கேள்வி. வாலை வெட்டிய மரபணுவையும் தலையை வெட்டிய மரபணுவையும் தனித்தனியாகச் செல்லில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒட்டும் பகுதி போய்விட்டால் உருண்டை வராது. புரதம் செல் முழுக்க மூட்டமாகப் பரவிக் கிடக்கும். வெட்டிய துண்டுகளை நான் பல வருடம் முன்பே செய்து ஃப்ரீசரில் வைத்திருந்தேன். மொத்தம் எட்டு ட்யூப். மூடியில் எண் மட்டும் இருக்கும். எந்த எண்ணில் என்ன என்பது என் பழைய நோட்டில் பட்டியலாக இருந்தது.

தொடங்குவதற்கு முன் மிங்யூ என்னிடம் வந்து நின்றாள். மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்துச் சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. அனுப்பினால் இரண்டு நாளில் பதில் வந்துவிடும்.

"அக்கா, இந்த ட்யூபையெல்லாம் ஒரு தடவை படிக்க அனுப்பிடலாமா? உள்ள என்ன இருக்குன்னு உறுதி பண்ணிக்கலாம்ல?"

"ஏன், நான் செஞ்சது மேல சந்தேகமா?"

"ஐயோ, அப்படி இல்லக்கா. சும்மாதான்..."

"சும்மான்னா சும்மா இரு. உங்கப்பா ஒவ்வொரு முட்டையையும் உடைச்சுப் பாத்துட்டா விக்கறாரு?"

அவள் போய்விட்டாள். இரண்டு வருடம் உழைத்தாள். முடிவைப் பார்த்து எல்லாருக்கும் தூக்கிவாரிப் போட்டது. வாலை வெட்டிய பிறகும் உருண்டை அழகாக வந்தது. தலையை வெட்டினால் வெறும் மூட்டம். அதாவது ஒட்டவைப்பது தலை, வால் அல்ல. இதுவரை மற்ற நாட்டு ஆய்வகங்கள் சொல்லிவந்ததற்கு நேர் எதிர். பேராசிரியர் அந்த வாரம் எல்லாருக்கும் ஜவ்வரிசி முத்து போட்ட பால் டீ வாங்கிக் கொடுத்தார். அக்டோபரில் தைனானில் நடந்த மாநாட்டில் மிங்யூ அதைப் பேசினாள். ஜப்பானிலிருந்து வந்திருந்த ஒருவர் மட்டும் எழுந்து, ரொம்ப மரியாதையாக, "இன்னொரு முறை செய்து பார்த்தீர்களா?" என்று கேட்டார். ஒன்பது முறை செய்ததாகச் சொன்னாள். அது உண்மை.

மார்ச்சில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. அவர்கள் தாங்களே துண்டுகளைத் தயாரித்துச் செய்து பார்த்தார்களாம். எல்லாம் தலைகீழாக வருகிறதாம். மூலப் படங்களை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். பேராசிரியர் அனுப்புவதற்கு முன் மிங்யூவின் 'வாலில்லாத' படத்தையும், பழைய மாணவன் ஒருவன் முழுப் புரதத்தைப் போட்டு எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உருண்டையின் அளவு, எண்ணிக்கை, உட்கார்ந்திருக்கும் இடம், எதிலும் வித்தியாசமே இல்லை.

என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"வாலில்லாததுன்னு அவ காட்டுறது முழுப் புரதத்தோட படம், பெய்ஜுன். வேணும்னே மாத்தி வச்சிருக்கா. நீயே அவ பெட்டி, நோட்டு எல்லாத்தையும் பாத்துடு. வெள்ளிக்கிழமை கூட்டத்துல முடிச்சிடலாம். ஒத்துக்கிட்டான்னா சத்தமில்லாம முதுகலைப் பட்டத்தோட போகட்டும். இல்லன்னா விசாரணைக் குழுதான். அப்புறம் எந்த ஆய்வகமும் அவளைச் சேத்துக்காது."

"சரி சார்" என்றேன். எனக்கும் அவள் மேல் சந்தேகம் வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை ஃப்ரீசரைத் திறந்து அந்தப் பெட்டியை எடுத்தேன். மூடிகளில் உறைபனி படிந்திருந்தது. விரலால் துடைத்தேன். 1, 2, 3, 5, 6, 7, 8, 9. என் கையெழுத்து.

நாலு எங்கே என்றுதான் முதலில் நினைத்தேன். எண்ணிப் பார்த்தேன். எட்டு ட்யூப் சரியாக இருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த வாரம் ஞாபகம் வந்தது.

ஏழு வருடத்துக்கு முன் பழைய பெட்டி விரிசல் விட்டது. மூடிகளில் மை அழிந்துகொண்டிருந்தது. புதுப் பெட்டிக்கு மாற்றிப் புது எண் எழுத வேண்டியிருந்தது. அதே வாரம் ஆறு வயதான என் மகன் நிமோனியாவில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். மூக்கில் குழாய். அந்த ஆஸ்பத்திரி லிஃப்டில் மூன்றாவது மாடிக்கு மேல் ஐந்தாவது மாடிதான். முதல் நாள் அதைப் பார்த்து என் கணவரிடம் சொல்லிச் சிரித்தேன். மூன்றாவது நாள், அவன் எப்போது வீட்டுக்குப் போகலாம் என்ற பேச்சை டாக்டர் நிறுத்திவிட்டார். அன்று மத்தியானம் இரண்டு மணி நேரம் ஆய்வகத்துக்கு வந்து இந்த ட்யூப்களை மாற்றினேன். 1, 2, 3 எழுதினேன். அடுத்த மூடியின் மேல் பேனா நின்றுவிட்டது. கை எழுத மறுத்தது. பக்கத்தில் யாரும் இல்லை. 5 என்று எழுதினேன்.

நாளைக்கு நோட்டில் இருக்கும் பட்டியலையும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவன் கண்ணைத் திறந்து நூடுல்ஸ் கேட்டான். அந்தச் சந்தோஷத்தில் பட்டியல், பெட்டி எல்லாம் மனதை விட்டே போய்விட்டது. இப்போது அவனுக்குப் பதிமூன்று வயது. என்னைவிட உயரம்.

பட்டியலில் 4 என்றால் முழுப் புரதம், 5 வால் வெட்டியது, 6 தலை வெட்டியது. பெட்டியில் எல்லாம் ஓர் எண் தள்ளிப் போயிருந்தது. வால் வெட்டியது என்று மிங்யூ எடுத்த 5இல் இருந்தது முழுப் புரதம். தலை வெட்டியது என்று எடுத்த 6இல் இருந்தது வால் வெட்டியது. ஒன்பது முறையும் அவள் கண்ணால் பார்த்தது அத்தனையும் உண்மை. மூடியில் இருந்த எண்தான் பொய். அதை எழுதியது நான்.

அப்போதே பேராசிரியர் அறைக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. 5, 6, 7 மூன்று ட்யூப்பிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு எடுத்துப் படிக்க அனுப்பினேன். உறுதி செய்துகொள்ள என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இரண்டு நாள் தள்ளிப்போட ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

பேராசிரியர் அதற்குள் மிங்யூவிடமும் விஷயத்தைச் சொல்லியிருந்தார்; புதன்கிழமை மத்தியானம் அவள் தன் மேசையை ஒழித்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல இருவரும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தோம். சோயாவில் வேகவைத்த முட்டை எனக்குப் பிடிக்கும் என்று தன் பெட்டியிலிருந்ததை எடுத்து என் சோற்றின் மேல் வைத்தாள். நான்கு வருடமாக அப்படித்தான் வைப்பாள்.

"அக்கா, பெட்டியைப் பாத்தீங்களா? ஏதாவது கிடைச்சுதா?"

"பாத்துக்கிட்டு இருக்கேன்."

"நான் படத்தை மாத்தலக்கா. சத்தியமா. ஆனா எல்லாரும் பாக்கற பார்வையைப் பாத்தா, ஒருவேளை எனக்கே தெரியாம மாத்திட்டேனோன்னு தோணுது. பைத்தியம் மாதிரி இருக்கு."

"சாப்பிடு, ஆறிடும்" என்றேன்.

அந்த முட்டையை நான் முழுசாகத் தின்றேன்.

வியாழக்கிழமை பதில் வந்தது. நான் நினைத்தபடியே இருந்தது. அதன் பிறகு நான் செய்ததை எழுதவே கூசுகிறது. ஆல்கஹால் தோய்த்த பஞ்சை எடுத்து, 5 என்ற எண்ணைத் துடைக்க ஆரம்பித்தேன். சரியான எண்களை எழுதி வைத்துவிட்டால் பெட்டியும் பட்டியலும் ஒத்துப்போகும். பிறகு தப்பெல்லாம் மிங்யூவின் தலையில்தான். இவ்வளவு தெளிவாக யோசித்தேன். அந்த நேரம் பார்த்து ஆ-ஹோங் ஐஸ் எடுக்க உள்ளே வந்தான்.

"என்னக்கா துடைக்கறீங்க?"

"பனி."

மூடியில் 5இன் வயிறு மட்டும் அழிந்திருந்தது. பெட்டியை ஃப்ரீசருக்குள் தள்ளிச் சாத்தினேன். மனசாட்சி வந்து நிறுத்தவில்லை. மாட்டிக்கொள்வோமோ என்ற பயம்தான் நிறுத்தியது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக் கூட்டத்தில் பேராசிரியர், மிங்யூ, ஆ-ஹோங், நான் என்று நான்கு பேர்தான். பேராசிரியர் முன்னால், மிங்யூ ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டிய ஒரு தாள் இருந்தது. என் மடியில் துணிப்பையில் அந்தப் பெட்டி. எதற்காகக் கொண்டுவந்தேன் என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. யாரும் பேச்சைத் தொடங்குவதற்கு முன் மிங்யூ எழுந்தாள்.

"சார், நான்தான் படத்தை மாத்தினேன்."

பேராசிரியர் நீளமாக மூச்சு விட்டார். "ஏம்மா?"

"தெரியல சார். அவசரத்துல... மன்னிச்சிடுங்க."

யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பது போலச் சொன்னாள். பேராசிரியர் தாளை அவள் பக்கம் நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தார். "பெட்டியில ஒண்ணும் இல்லல்ல, பெய்ஜுன்?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டியதில்லை. நான் மிங்யூவைப் பார்த்தேன். குனிந்து பேனாவைத் தேடிக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது. முதல் கூட்டத்தில் பார்த்த அதே சிவப்பு.

பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

"அவ எதையும் மாத்தல சார். நம்பரை மாத்தினது நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரி, பேனா நின்றது, பட்டியலை மறந்தது, செவ்வாய்க்கிழமையே தெரிந்துவிட்டது, நேற்று பஞ்சால் துடைத்தது வரை. குரல் எங்கெங்கோ போய் வந்தது. கன்னம் எரிந்தது. ஐம்பதை நெருங்கும் வயதில், நான் கேலி செய்து வளர்த்த பிள்ளைகள் முன்னால், நாலு என்ற எண்ணுக்குப் பயந்தேன் என்று சொல்வது எப்படி இருக்கும் என்று கேட்டால், துணியை உருவிப் போட்டது போல இருக்கும்.

"நீங்களா அக்கா?" என்றான் ஆ-ஹோங். "நாலைத் தாண்டினது நீங்களா?" அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி, ஒவ்வொரு மூடியாகக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். 5இன் வயிற்றில் இருந்த கறையைப் பார்த்தபோது மட்டும் கொஞ்சம் நிறுத்தினார்.

"படிக்க அனுப்பலாமான்னு அவ என்கிட்டயும் வந்து கேட்டா" என்றார் கடைசியில். "பெய்ஜுன் செஞ்சது, வேண்டாம்னு நான்தான் சொன்னேன்." தாளைத் தன் பக்கம் இழுத்து இரண்டாகக் கிழித்தார். பிறகு மிங்யூவைப் பார்த்து எழுந்து நின்று தலை குனிந்தார். ஜப்பானுக்கு உண்மையை எழுதுகிறேன், என் பெயரையும் பெய்ஜுன் பெயரையும் போட்டே எழுதுகிறேன் என்றார். அவளுக்கு இன்னும் ஒரு வருடம் வாங்கித் தருவதாகவும் சொன்னார். ஆனால் போன இரண்டு வருடத்தை யார் வாங்கித் தருவது? அவளுடைய கண்டுபிடிப்பு என்று ஒன்று இனி இல்லை. சரியான எண்ணை வைத்துப் பார்த்தால், மற்றவர்கள் சொன்னதையே அவளும் சொல்லியிருந்தாள்.

மத்தியானம் ஃப்ரீசர் பக்கத்தில் நான் புது மூடிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். மிங்யூ வந்து நின்றாள்.

"திட்டு" என்றேன். "என்ன வேணாலும் சொல்லு. கேட்டுக்கறேன்."

அவள் பழைய மூடிகளில் மூன்றாவதையும் அதற்கடுத்ததையும் விரலால் தொட்டுக் காட்டினாள்.

"எனக்கு முதல் வாரமே தோணுச்சுக்கா. பெட்டியைத் திறந்தா மூணுக்கு அப்புறம் அஞ்சு. எங்க கொட்டகை மாதிரியே இருக்கேன்னு நினைச்சேன். யாரோ தாண்டி எழுதியிருக்காங்க, நம்பர் தள்ளிப் போயிருக்குமோன்னுதான் படிக்க அனுப்பலாமான்னு கேட்டேன்."

"அதை அப்பவே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமேடி!"

"ஆ-ஹோங் கிட்ட சொன்னேன். பெய்ஜுன் அக்கா நாலைத் தாண்டறதா, இதை மட்டும் அவங்க காதுல போட்டுடாத, வருஷம் பூரா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்கன்னான். வாத்துக்கே அவ்வளவு சிரிச்சீங்க. அதான் நாலு தீந்துபோயிருக்கும், ஒன்பது அப்புறமா சேத்ததா இருக்கும்னு நானே நம்பிட்டேன்."

"இந்த வாரம்கூடவா ஞாபகம் வரல?" என்று கேட்டேன்.

"வந்துச்சு. நீங்க பெட்டியைப் பாக்கறீங்கன்னு சார் சொன்னதும் நிம்மதியா இருந்துச்சு. அப்புறம் புதன்கிழமை நீங்க ஒண்ணும் சொல்லல. நீங்களே பாத்துட்டு ஒண்ணும் சொல்லலன்னா, அப்போ தப்பு என்னோடதாத்தான் இருக்கும்னு முடிவு பண்ணிட்டேன்."

குரலில் கோபம் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். என் சோற்றின் மேல் முட்டையை வைத்துவிட்டு, என் வாயையே பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது.

மேசையில் கிடந்த பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினாள். "எழுதுங்கக்கா. ட்யூப் உருகிடும்."

1 எழுதினேன். 2, 3 எழுதினேன். அடுத்த மூடியைப் பிடித்தேன். பேனா நின்றது. ஏழு வருடத்துக்கு முன் நின்ற அதே இடம். இவ்வளவு நடந்த பிறகும், இவ்வளவு அவமானப்பட்ட பிறகும் நின்றது.

"என் பையன் இப்போ நீச்சல் வகுப்புல இருப்பான்" என்றேன். அதை ஏன் சத்தமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை.

மிங்யூ ட்யூப்பை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். நான் 4 என்று எழுதினேன். கோணல்மாணலாக வந்தது.

மிங்யூ சிரிக்கவில்லை.